சுடுகாட்டுப் பூவா, நித்தியகல்யாணியா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி வெறும் மணல். புல் பதித்தோம், மாடு மேய்ந்துவிட்டது. பத்துமணிப் பூ வைத்தோம், பக்கத்துத் தெரு ஆடுகள் ஒரே காலையில் மொட்டையடித்துவிட்டன. முழுச் சுற்றுச்சுவர் எழுப்ப இப்போதைக்கு வசதியில்லை. அமெரிக்காவில் என் மகன் இருக்கும் இடத்தில் மான் தொல்லை அதிகம். அவன் ‘வின்கா’ என்று ஒரு தரைப்படர் செடி வைத்திருக்கிறான். மான் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறதாம். இங்கே நர்சரியிலும் ‘வின்கா’ என்ற பெயரில் ஒரு செடி விற்கிறார்கள், ஆனால் அது நம் நித்தியகல்யாணி மாதிரிதான் இருக்கிறது. மாமியாரோ, “அது சுடுகாட்டுப் பூ, வாசலில் வைக்கக் கூடாது” என்கிறார். சிதம்பரத்தில் என் பிறந்த வீட்டுத் தோட்டத்திலும் இதையே வைக்கலாமா? அங்கே களிமண், ஐப்பசி பிறந்தால் தண்ணீர் தேங்கும். நர்சரிக்காரர் ஏழெட்டு ரகம் சொல்கிறார். எதை வாங்குவது?

— கடலூர் வாசகி ஒருவர்

பதில்: அம்மா, முதலில் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்ன பெயர் சரிதான். நம் ஊர்களில் பல இடங்களில் இதைச் சுடுகாட்டுப் பூ, சுடுகாட்டு மல்லி என்றுதான் சொல்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சுடுகாட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, வேலி கிடையாது. ஆடு மாடு இஷ்டத்துக்கு மேயும். அந்த இடத்திலும் பன்னிரண்டு மாதமும் ஒரு செடி பூத்துக்கொண்டிருக்கிறது என்றால், உங்கள் மணல் தரைக்கு அதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் எது? அதே செடிக்கு ‘என்றும் மங்கலம்’ என்று பொருள்படும் நித்தியகல்யாணி என்ற பெயரையும் வைத்தவர்கள் நம் ஆட்கள்தான். பூசைக்கு இந்தப் பூவைப் பறிக்கும் வீடுகளும் உண்டு. மாமியாரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வாசலை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வையுங்கள். செடிக்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

மகன் வீட்டு வின்காவும் நம் வின்காவும்

மகன் வீட்டில் இருப்பது ஊதாநீலப் பூ பூக்கும், குளிர்நாட்டுக் கொடி. தரையோடு ஊர்ந்து பசுமையாகப் பரவும். பனியைத் தாங்கும், நம் சித்திரை வெயிலைத் தாங்காது. விதையோ துண்டோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். நம் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் தாவரவியலார் இதையும் ‘வின்கா ரோசியா’ என்று அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருந்தார்கள். பிறகு பிரித்து ‘கேதராந்தஸ் ரோசியஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். நர்சரிகளும் விதைக் கம்பெனிகளும் பழைய பெயரை விடவில்லை. ஆக, உங்கள் நர்சரியில் வின்கா என்று விற்பது நித்தியகல்யாணியேதான்.

இரண்டும் ஒரே குடும்பம். அரளியும் எருக்கும் அதே குடும்பம். இந்தக் குடும்பத்தில் கசப்பும் நஞ்சும் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே மான் விலகிப் போவதற்கும் இங்கே ஆடு விலகிப் போவதற்கும் காரணம் ஒன்றுதான். கிண்டியிலோ சென்னை ஐஐடி வளாகத்திலோ குடியிருந்தால் நீங்களும் புள்ளிமானைப் பற்றித்தான் கேட்டிருப்பீர்கள். கடலூருக்கு ஆடுதான் மான்.

ஆடு ஒரு செடியை எப்படிச் சோதிக்கிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். நித்தியகல்யாணி வரிசையருகே வரும், மேலுதட்டால் ஓர் இலையைத் தடவும், சில சமயம் நுனியைக் கிள்ளியும் பார்க்கும். கசப்பு நாக்கில் பட்டதும் தலையை ஓர் உதறு உதறிவிட்டு, அடுத்த தொட்டியில் இருக்கும் செம்பருத்திக்குப் போய்விடும். நர்சரியிலிருந்து வந்த இளங்கன்றை அந்த ஒரு கிள்ளில் வேரோடு இழுத்துப் போட்டுவிடுவதும் உண்டு. அதனால் நட்ட முதல் மாதம் மட்டும் முள் விறகோ பழைய வலையோ போட்டு மூடிவையுங்கள். வேர் பிடித்துவிட்டால் காவல் தேவையில்லை.

ஆடு எதைத் தொடாது என்பதை வைத்தே நம் மொழியில் செடிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடாதொடை ஒன்று, ஆடுதின்னாப்பாளை இன்னொன்று. பின்னது தரையில் படர்வதும்கூட. பெயரைக் கேட்டதும் “அதையே வைத்துவிடலாமே” என்று தோன்றும். வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் அதில் இருக்கிறது, அது புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. போதாததற்கு, சிவப்பு உடம்புள்ள கருப்பு வண்ணத்துப்பூச்சிகள் அதில்தான் முட்டையிடும். ஆடு விட்டதைப் புழு மிச்சம் வைக்காது. வண்ணத்துப்பூச்சிக்காக வயல் வரப்பில் இருக்கட்டும், வீட்டுக்கு ஆகாது.

ரகம் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஏழெட்டு ரகத்தில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: கார்த்திகையில் உங்கள் தோட்டத்தில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் ரகம் தேர்ந்தெடுத்தால் பணம் தண்டம்.

நம் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆனால் தரையோடு கிடக்கும் செடியைக் காற்று என்ன செய்யும்? அதைக் கொல்வது தண்ணீர். 2015 நவம்பர் வெள்ளத்தையும், 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி வந்ததையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நித்தியகல்யாணிக்கு வறட்சி ஒரு பொருட்டில்லை. உப்புக் காற்றையும், ஓரளவு உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். வேரில் நிற்கும் தண்ணீரை மட்டும் பொறுக்காது. பித்தியம், பைட்டாப்தோரா என்ற பூஞ்சை போன்ற நோய்க்கிருமிகள் ஈர மண்ணில் பெருகி வேரையும் தண்டையும் அழுகவைக்கும். அடையாளம் சொல்கிறேன். பகலில் செடி துவண்டு நிற்கும். வெயிலுக்குத்தான் என்று நினைப்பீர்கள். சாயங்காலமும் நிமிராது. மண்ணை ஒட்டிய தண்டு கரும்பழுப்பாக இருக்கும். பிடுங்கினால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். வேரை இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். இந்த நிலையில் எந்த மருந்தும் உதவாது. அதைப் பார்த்து “தண்ணீர் போதவில்லை போல” என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். தேவனாம்பட்டினத்து மணலில் நீங்கள் குடத்தைக் கீழே வைப்பதற்குள் காணாமல் போய்விடும். சிதம்பரத்துக் களியில், கொள்ளிடம் வண்டல் படிந்த நெல்வயல் மண்ணில், மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நெல்லுக்கு வரமான அதே குணம்தான் நித்தியகல்யாணிக்குச் சாபம்.

ரகங்கள்

இனி நர்சரிக்காரர் சொன்ன பட்டியலுக்கு வருவோம். நான்கு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

*நாட்டு ரகம்.* ரோஸ் நிறம், வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை என்று மூன்று வகை. முழங்கால் உயரத்துக்கு மேலும் வளரும். தானே விதை சிந்தித் தானே முளைக்கும். தரைமூடியாக வேண்டுமென்றால் கன்று அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக்கிளை வெடித்து அகலத்தில் போகும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் காய் முற்றிப் பழுப்பாகும்போது, வெடிப்பதற்கு முன்னால் பறித்து வந்தால் போதும்.

*படரும் ரகம்.* மெடிட்டரேனியன், கோரா காஸ்கேட் என்ற பெயர்களில் வருபவை. அரையடி உயரம்தான். இரண்டடி அளவுக்கு மண்ணை ஒட்டிப் பரவும். தரையை மூட வேண்டும் என்ற உங்கள் தேவைக்கு நேராகப் பொருந்துவது இதுதான். இலையும் பூவும் ஈர மண்ணை ஒட்டியே கிடப்பதால், மழைக்காலத்தில் முதலில் அழுகுவதும் இந்த ரகமாக இருக்கலாம். மணலுக்குச் சரி, களிமண்ணுக்கு ஆபத்து.

*குட்டையாக நிமிரும் ரகம்.* பசிபிகா, டைட்டன், கோரா. ஓர் அடி, ஒன்றேகால் அடி உயரம். டைட்டனுக்குப் பூ பெரிது. கோராவின் சிறப்பு பூவில் இல்லை. இலையிலும் தண்டிலும் வரும் பைட்டாப்தோரா கருகலைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்டது அது. மழை மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். ஆனாலும் இலைக் கருகலைத் தாங்குவது வேறு, வேரில் தண்ணீர் நிற்பதைத் தாங்குவது வேறு. விற்கிறவர் இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் நம்பாதீர்கள்.

*மருந்து ரகம்.* நிர்மல், தவள். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமான சீமாப் வெளியிட்டவை. இலையிலும் வேரிலும் உள்ள மருந்துச் சத்துக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறவர்களுக்கானது. பூ வெள்ளை. நிர்மல் ரகம் நுனிக்கருகல், வேரழுகலைத் தாங்கும் என்பதால் சிலர் அழகுச் செடியாகவும் தேடுகிறார்கள். கிடைத்தால் வைக்கலாம், தேடி அலைய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. கோரா போன்ற கலப்பின ரகங்களின் விதையைச் சேர்த்து அடுத்த ஆண்டு விதைத்தால் தாய்ச்செடி மாதிரியே வராது. நிறமும் உயரமும் கலைந்து வரும். ஆண்டுதோறும் காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு நாட்டு ரகமே நல்லது.

கடலூர் வீட்டுக்கு

தை பிறந்து மழை ஓய்ந்ததும் தொடங்குங்கள். வெறும் மணலில் வேருக்குச் சாப்பாடு இல்லை. நடும் குழி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை மக்கிய எரு போடுங்கள். எருவோடு கொஞ்சம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்திருந்து போட்டால் அழுகல் நோய்க்கு முன்தடுப்பு. வேளாண்மை விரிவாக்க மையங்களில் கேட்டுப் பாருங்கள்.

விதையாக இருந்தால் ஆழமாகப் புதைக்காமல், மெல்லிய மண்போர்வை மட்டும் போடுங்கள். இந்த விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். பத்து நாளில் முளை தெரியும். பழைய விதை வேண்டாம், போன பருவத்து விதையாக இருக்கட்டும். கன்றுக்குக் கன்று ஓர் அடி விடுங்கள். வேர் பிடிக்கும்வரை தினமும் ஒரு வேளை, பிறகு மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். காலையில், வேரில் ஊற்றுங்கள். குழாயை மேலே பிடித்து இலையைக் குளிப்பாட்டாதீர்கள். மண்ணிலிருக்கும் கிருமி தெறிக்கும் நீர்த்துளியில் ஏறித்தான் இலைக்குப் போகிறது.

வேலிக்கு வெளியே, கடற்கரைப் பக்கமாக மணல் பறந்துவரும் இடம் இருந்தால் அங்கே அடப்பங்கொடி வையுங்கள். சங்க இலக்கியத்தில் அடும்பு என்று வருவது இதுதான். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். அதன் தாவரவியல் பெயரிலேயே ‘ஆட்டுக்கால்’ இருக்கிறது. மாடு பொதுவாக இதை விரும்பித் தின்பதில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டிப் பிடிக்கும். தோட்டத்துக்குள் விடாதீர்கள், எல்லாவற்றின் மேலும் ஏறிவிடும்.

சிதம்பரத்து வீட்டுக்கு

தண்ணீர் நிற்கும் தரைக்கு நித்தியகல்யாணி வேண்டாம். அங்கே பொடுதலை போடுங்கள். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே பொடுதலை. ஏரிக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் தானாகவே படர்ந்து கிடப்பதால் யாரும் இதைத் தோட்டச் செடியாக நினைப்பதில்லை. சில நாள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் வடிந்ததும் தழைக்கும். உப்பு மண்ணிலும் வரும், நடந்தாலும் தாங்கும். தீக்குச்சித் தலை அளவுள்ள பூங்கொத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்திருக்கும். ஜப்பானில் இதே பொடுதலையிலிருந்து தேர்வு செய்து ‘குராப்பியா’ என்றொரு ரகம் உருவாக்கினார்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள கலிபோர்னியாவில் புல்தரைக்குப் பதிலாக இப்போது அதை விற்கிறார்கள். நமக்கோ அதன் சொந்தக்காரச் செடி வாய்க்கால் கரையில் இலவசம்.

நித்தியகல்யாணி மாதிரி இதில் நஞ்சு இல்லை. இதைக் காப்பது உயரம்தான். தரையை ஒட்டி அப்பிக் கிடப்பதால் மாட்டின் நாக்குக்குப் பிடி கிடைக்காது. ஆடு கிள்ளினாலும் கணுவிலிருந்து மறுபடி வரும். மூன்று நான்கு கணுவுள்ள துண்டுகளாக வெட்டி, அரையடி இடைவெளியில், பாதி மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடமாக இருந்தால் பூவை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

அங்கேயும் நித்தியகல்யாணி வேண்டும் என்று ஆசையிருந்தால் சுவர் ஓரமாக முக்கால் அடி உயர மேடு கட்டுங்கள். தோட்ட மண்ணோடு எருவும், அரிசி ஆலையில் கிடைக்கும் கருகிய உமியும் சம அளவில் கலந்தால் மண் பொலபொலக்கும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைப்பது, இங்கே அது வேண்டாம். அந்த மேட்டில் கோரா போன்ற கருகல் தாங்கும் ரகமாக வையுங்கள்.

வேண்டாதவை

மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவை எந்த நர்சரியிலும் மலிவாகக் கொடுப்பார்கள். ஆடு தொடாது, வெள்ளத்துக்கும் அசையாது என்பார்கள். உண்மைதான், உங்களாலும் அதை அசைக்க முடியாது. உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் அது இருக்கிறது, உண்ணிச்செடியும் இருக்கிறது. வீராணத்துப் பாசன வாய்க்கால் ஓடும் ஊரில் ஒரு துண்டு தண்ணீரில் விழுந்தால் கடைமடைவரை போய் வேர்விடும்.

பராமரிப்பும் ஜாக்கிரதையும்

ஆண்டுக்கு ஒரு முறை, தை மாதத்தில், நித்தியகல்யாணிச் செடியை மூன்றில் ஒரு பங்கு விட்டு வெட்டிவிடுங்கள். தலை பக்கம் கண் மாதிரிப் புள்ளியும் வால் பக்கம் சின்னக் கொம்புமாக விரல் பருமனுக்குப் பச்சைப் புழு தென்பட்டால் அது அரளிச் செடிப் புழு. இந்தக் கசப்பு அதற்கு மட்டும் விருந்து. கையால் பொறுக்கி எறிந்தால் போதும். பூ பச்சையாகி, இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாக நின்றால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமாக ஒன்று. ஆடு தின்னாததை நாமும் தின்னக் கூடாது. நித்தியகல்யாணி இலை சர்க்கரையைக் குறைக்கும் என்று மென்று தின்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இதே நம்பிக்கை ஜமைக்காவிலும் இருந்தது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அங்கிருந்து வந்த இலையை ஆராய்ந்தபோது, எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தின் வெள்ளையணுக்கள்தான் சரிந்தன. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. வெள்ளையணுவைச் சரிக்கும் செடி அது. மருத்துவர் அளந்து ஊசியில் ஏற்ற வேண்டியதை நாம் கசாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. வெட்டிய தழையைத் தீவனத்தோடு கலக்காதீர்கள். பசித்த மாடு வாடிய தழையில் கசப்பு பார்க்காது.

சுருக்கமாகச் சொல்கிறேன். கடலூர் மணலுக்கு நாட்டு நித்தியகல்யாணி, ஓரத்துக்குப் படரும் ரகம். சிதம்பரத்துக் களிக்குப் பொடுதலை, மேட்டில் மட்டும் கோரா. இந்தக் கார்த்திகையில் ஒரு பெருமழை விட்ட மறுநாள் காலை, குடையோடு இரண்டு தோட்டத்தையும் ஒரு சுற்று சுற்றி, தண்ணீர் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டுவையுங்கள். தையில் நர்சரிக்குப் போகும்போது ரகத்தின் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. அந்தக் குச்சிகள் இருக்கும் இடத்தில் மட்டும் நித்தியகல்யாணியை வைத்துவிடாதீர்கள்.